திகிற்படங்களிற் பிழைத்தவர் யார்?

வெள்ளம் ஊரைச் சூழ்ந்த வேளையில் தோணியில் முதலில் ஏற்றப்படுபவர் யார், கரையில் விடப்படுபவர் யார் என்று பார்த்தால் அவ்வூரின் உள்ளம் தெரிந்துவிடும். அமைதியான நாட்களில் எல்லோரும் சமம் என்று பேசுதல் எளிது. ஆபத்து வந்த நாளிலேதான் அப்பேச்சின் உண்மையும் பொய்ம்மையும் வெளிப்படும். ஆகவே ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஆராய விரும்புபவர் அதன் சட்டங்களையும் சாசனங்களையும் மட்டுமன்றி, அச்சமுதாயம் தன் பொழுதுபோக்குக்காகச் சொல்லிக்கொண்ட பயங்கரக் கதைகளையும் நோக்குதல் வேண்டும். கதையில் ஆபத்தை உண்டாக்குபவனும் மனிதனே. அதிலிருந்து யாரைத் தப்ப வைப்பது என்று தீர்மானிப்பவனும் மனிதனே.

அமெரிக்காவிலே, ஹொலிவூட்டின் பெருநிறுவனங்களுக்குப் புறத்தே, சிறு முதலைக் கொண்டு எடுக்கப்பட்ட விஞ்ஞானத் திகிற்படங்கள் ஏராளம். வேற்றுலக உயிர்கள், கதிரியக்கத்தினால் உருமாறிய பூச்சிகள், புதைகுழியிலிருந்து எழுந்த பிணங்கள் ஆகியவையே அவற்றின் பொருள். கற்றோர் பலர் இவற்றை நெடுங்காலம் பொருட்படுத்தினாரல்லர். ஆயினும், கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் அந்நாட்டுத் திரைப்படம் அளித்த இடம் எவ்வாறு மாறியது என்பதை அறிய இம்மலிவுப் படங்களைப் போலத் தெளிவான சான்றுகள் வேறு சிலவே உள்ளன.

நடமாடும் பிணத்தின் கதை முதலிற் பிறந்தது ஹெயிட்டி நாட்டிலே. ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த மக்களின் வழித்தோன்றல்களிடையே அது வழங்கிற்று. இறந்தவனை மந்திரத்தால் எழுப்பி, மீண்டும் வயலிலே வேலை வாங்கலாம் என்பது அக்கதையின் சாரம். உயிரோடு இருக்கும்வரை ஓய்வில்லாத அடிமைக்கு, இறந்த பின்னரும் ஓய்வில்லையாயின் அதனினும் பெரிய பயங்கரம் வேறு யாது? 1915 முதல் 1934 வரை ஹெயிட்டி அமெரிக்கப் படைகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத்திலேதான் இக்கதை கடல் கடந்து அமெரிக்க வாசகரை அடைந்தது. 1932ஆம் ஆண்டில் ஹல்பரின் சகோதரர்கள் சிறு முதலில் 'வைட் சொம்பி' என்னும் படத்தை வெளியிட்டனர். 'வெள்ளைப் பிணம்' என்று அப்பெயருக்குப் பொருள் கூறலாம். அப்படத்திலே சீனியாலையின் சக்கரத்தை உயிரற்ற உடல்கள் சுழற்றுகின்ற ஒரு காட்சி வருகின்றது. அடிமையின் துயரம் அங்கே ஒரு கணம் தோன்றி மறைகின்றது. ஆனால் கதையின் கவலை அவர்களைப் பற்றியதன்று. மந்திரவாதியின் வசப்பட்ட வெள்ளை மணமகளைப் பற்றியதே. கறுப்பினத்தவரின் அச்சத்திலே பிறந்த கதை, வெள்ளைப் பெண்ணைப் பற்றிய அச்சமாக உருமாறிவிட்டது.

இதன் பின்னர் வந்த படங்களில் கறுப்பின நடிகருக்குக் கிடைத்த வேடம் பெரும்பாலும் வேலைக்காரன் வேடமே. 1941இல் மொனோகிராம் நிறுவனம் வெளியிட்ட 'கிங் ஒவ் த சொம்பீஸ்' என்ற படத்தில் மன்ரன் மோர்லன்ட் என்னும் நடிகர் ஏவலாளாகத் தோன்றினார். கண்களை உருட்டுவதும், நடுங்குவதும், ஓட முயல்வதும் அவருக்கு இடப்பட்ட பணி. அவர் தேர்ந்த நகைச்சுவைக் கலைஞர். அப்படத்தைத் தாங்கி நிற்பதும் அவர் நடிப்பே. எனினும், எசமானர் வீரத்தை விளங்கச் செய்வதற்காக ஏவலாளின் பயத்தைப் பெருக்கிக் காட்டுதல் அக்கால வழக்கமாயிருந்தது.

அதே காலத்தில் வேறொரு திரையுலகமும் இருந்தது. நிறப்பாகுபாடு சட்டமாக நின்ற தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று தனியான படமாளிகைகள் இருந்தன. அவற்றுக்கென்றே மிகக் குறைந்த செலவிற் படங்கள் எடுக்கப்பட்டன. 1940இல் வெளியான 'சன் ஒவ் இன்காகி' அவற்றுள் ஒன்று. கதையை எழுதியவர் ஸ்பென்சர் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர். நடித்தோர் அனைவரும் கறுப்பினத்தவரே. இப்படத்தில் லோரா போமன் என்னும் நடிகை டொக்டர் ஹெலன் ஜக்சன் என்ற விஞ்ஞானியாக வருகின்றார். தன் வீட்டு ஆய்வுக்கூடத்திலே மருந்து ஆராய்ச்சி செய்யும் வயது முதிர்ந்த கறுப்பினப் பெண் அவர். தாம் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குரங்கு மனிதன் அம்மருந்தைக் குடித்து வெறிகொள்ள, அவனாலேயே அவர் மாண்டு போகின்றார். படம் மிகச் சாதாரணமானது. ஆயினும் கறுப்பினப் பெண்ணொருத்தி விஞ்ஞானியாக இருக்கலாம் என்பதை அது விளக்கம் எதுவும் கூறாமலே ஏற்றுக்கொண்டது. ஹொலிவூட்டின் பெரும்படங்கள் அத்தகைய பெண்ணை நினைத்துப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. தொலைக்காட்சி வீடுகளுள் நுழைந்தது. படமாளிகைகளுக்குச் செல்வோர் தொகை குறைந்தது. இளைஞர்களோ மோட்டார் வண்டியிலே சென்று, வெட்டவெளியில் வண்டியில் இருந்தவாறே படம் பார்க்கும் புதிய வழக்கத்தை விரும்பினர். அவர்களுக்காக ஒரு சீட்டில் இரண்டு படங்கள் காட்டப்பட்டன. ரொஜர் கோர்மன் போன்ற தயாரிப்பாளர் சில நாட்களுக்குள் ஒரு படத்தை எடுத்து முடிக்கும் வித்தையிலே கைதேர்ந்தனர். பெண்களின் வரலாற்றில் இப்படங்களுக்குத் தனியான ஓர் இடம் உண்டு.

1956இல் கோர்மன் நெறிப்படுத்திய 'இற் கொங்கர்ட் த வேர்ல்ட்' என்னும் படத்திலே வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்த உயிரினம் ஒரு குகையில் மறைந்திருக்கின்றது. அதனை நம்பி மனித குலத்தைக் காட்டிக்கொடுக்கத் துணிந்தவர் ஒரு விஞ்ஞானி. அவர் மனைவியாக நடித்தவர் பெவர்லி கார்லண்ட். கணவனின் அறிவு மயங்கிய வேளையில், அவள் துப்பாக்கியைத் தானே ஏந்திக் குகைக்குள் நுழைகின்றாள். அவள் வெல்லவில்லை, அங்கேயே கொல்லப்படுகின்றாள். ஆனால் அஞ்சி அலறிக்கொண்டு ஆணின் தோளிற் சாய்வதே பெண்ணின் பணி என்றிருந்த காலத்தில், தனியே சென்று பகையை எதிர்த்த பெண்ணைச் சில்லறைப் படம் ஒன்று காட்டியது என்பது கருதத்தக்கது.

1958இல் வந்த 'அற்றாக் ஒவ் த பிப்டி புட் வுமன்' இன்னும் விநோதமானது. ஐம்பது அடி உயரத்துக்கு வளர்ந்துவிட்ட ஒரு பெண்ணின் கதை அது. அலிசன் ஹேய்ஸ் நடித்த நான்சி என்பவள் செல்வமுடையவள். ஆனால் அவள் கணவன் வேறொருத்தியை நாடுபவன். ஆகாயத்திலிருந்து இறங்கிய உருண்டை வடிவக் கலத்தைத் தன் கண்ணாற் கண்டதாக அவள் கூறுகின்றாள். ஊரார் நம்பவில்லை. முன்னர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவள் என்பதனால் அவள் சொல்லுக்கு மதிப்பில்லை. கணவனோ அவளை மீண்டும் அங்கே அனுப்பிச் சொத்தைக் கைக்கொள்ளப் பார்க்கின்றான். இராட்சத உருவம் பெற்ற பின்னரே அவள் குரல் ஊருக்குக் கேட்கின்றது. தந்திரக் காட்சிகள் நகைப்புக்கு இடமானவை. ஆனால் உண்மையைச் சொன்ன பெண்ணைப் பித்துப் பிடித்தவள் என்று ஒதுக்கும் கொடுமையை அக்கதை மறைக்காமற் காட்டிவிட்டது. மறு ஆண்டு கோர்மன் எடுத்த 'த வாஸ்ப் வுமன்' என்ற படத்தில், அழகுப் பொருள் நிறுவனமொன்றின் உரிமையாளராகச் சூசன் கபொட் நடித்தார். விளம்பரங்களில் இருந்த முகம் முதுமையடைந்ததும் வியாபாரம் சரிகின்றது. இளமையைத் தேடிக் குளவியின் சாற்றை உடலில் ஏற்றிக்கொண்ட அப்பெண், இரவிலே கொல்லும் குளவியாக மாறுகின்றாள்.

இம்மூன்று படங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெண் துணிகின்றாள், சினக்கின்றாள், செயற்படுகின்றாள். முடிவிலே மூவரும் இறக்கின்றனர். துணிவுக்கு இடமளித்த கதை, துணிந்தவளை உயிரோடு விட மனங்கொள்ளவில்லை. மேலும், இம்மூன்றிலும் முதன்மை பெற்ற பெண்கள் மூவரும் வெள்ளையர். வனப்பும் செல்வமும் உடைய வெள்ளைப் பெண்ணுக்குச் சினங்கொள்ளும் உரிமை கிடைத்த அப்போதும், கறுப்பினத்தவருக்குத் திரையில் நிற்கவே இடமில்லை.

அந்த இடம் கிடைத்தது ஹொலிவூட்டிலிருந்து மிகத் தொலைவிலே. பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் உருக்குத் தொழிலுக்குப் பேர்போன நகரம். அங்கே ஜோர்ஜ் ரொமேரோவும் அவர் நண்பர்களும் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்து வந்தனர். பத்துப் பேர் ஆளுக்கு 600 டொலர் இட்டு ஒரு திகிற்படம் எடுக்கத் தொடங்கினர். இறுதிச் செலவு ஏறக்குறைய 114,000 டொலர். இடிக்கப்படவிருந்த ஒரு பழைய பண்ணை வீட்டை அவர்கள் களமாகக் கொண்டனர். இரத்தத்துக்குச் சொக்கலேற் பாகு பயன்பட்டது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் பயன்பட்டதற்குச் சிக்கனமும் ஒரு காரணம். மரிலின் ஈஸ்ற்மன் என்னும் பெண்மணி திரையில் ஒரு தாயாக நடித்தார். திரைக்குப் பின்னால் ஒப்பனை முதலிய பணிகளிலும் பங்குகொண்டார். இவ்வாறு உருவான 'நைட் ஒவ் த லிவிங் டெட்' 1968ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் திகதி பிற்ஸ்பேர்க்கிலே முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

வெள்ளிக் கிரகத்துக்குச் சென்று திரும்பிய கலத்தின் கதிரியக்கத்தால், அண்மையில் இறந்தவர்கள் எழுந்து உயிருள்ளோரைத் தின்னத் தொடங்குகின்றனர் என்பது கதை. ஒரு வீட்டினுள் எழுவர் அகப்பட்டுக்கொள்கின்றனர். அவர்களைக் காக்க முனையும் பென் என்ற பாத்திரத்தை ஏற்றவர் டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர். அப்பாத்திரம் கறுப்பினத்தவருக்காக எழுதப்பட்டதன்று. எழுத்துப் பிரதியில் நிறத்தைப் பற்றிய குறிப்பே இல்லை. நடிப்புத் தேர்வுக்கு வந்தோருள் ஜோன்ஸே சிறந்து விளங்கினார் என்பதனால் அவர் தெரிவு செய்யப்பட்டார் என்று ரொமேரோ மீண்டும் மீண்டும் கூறியுள்ளார்.

பெருநிறுவனம் ஒன்று இதனை இவ்வளவு எளிதாகச் செய்திருக்குமா? மடியிலே கனமிருந்தால்தான் வழியிலே பயம் என்பர். கோடிக்கணக்கான பணத்தை முடக்கியவர், தென் மாநிலப் படமாளிகைகள் என்ன சொல்லுமோ, விநியோகத்தர் என்ன நினைப்பாரோ என்று அஞ்சுவர். பிற்ஸ்பேர்க் நண்பர்களின் மடியில் அத்தகைய கனமில்லை. அவர்களுடைய வறுமையே அவர்களுக்கு உரிமையாயிற்று.

ஆனால் வறுமை மட்டுமே இம்மாற்றத்தைச் செய்தது என்று கொள்ளுதல் தவறு. பென் என்பவன் முதலிலே கல்வியறிவற்ற, முரட்டுப் பேச்சுடைய லொறிச் சாரதியாக எழுதப்பட்டிருந்தான். டுவேன் ஜோன்ஸ் இலக்கியம் கற்றவர், ஆசிரியராகப் பணிபுரிந்தவர். அவர் அந்த உரையாடல்களை அவ்வாறே பேச உடன்படவில்லை. தம் சொல்லாலும் நடையாலும் அப்பாத்திரத்தை அமைதியும் சிந்தனையும் உடையதாக மாற்றினார். கறுப்பின ஆடவன் வெள்ளைப் பெண்ணை அறைவதும், வெள்ளை ஆடவனைச் சுடுவதும் அக்காலத்தில் எவ்வாறு கொள்ளப்படும் என்பதை நெறியாளரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் அவரே. நிறத்தைக் கருதாமற் கதை எழுதலாம். நிறத்தைக் கருதாமற் பார்க்கும் கண்கள் அன்று அந்நாட்டிற் குறைவு.

படத்தின் முடிவு இதனை வலியுறுத்துகின்றது. ஏனையோர் யாவரும் மாண்டபின், பென் ஒருவனே நிலவறையில் ஒளிந்து இரவைக் கடக்கின்றான். அந்நிலவறைக்குச் செல்வதே நல்லது என்று தொடக்கத்தில் வற்புறுத்தியவன் கூப்பர் என்னும் கோழை. அதனை மறுத்தவன் பென். கதாநாயகனின் கருத்தும் பிழைக்கலாம் என்று காட்டிய வகையிலும் இப்படம் புதுமையானது. பொழுது விடிகின்றது. துப்பாக்கியும் நாய்களுமாக வந்த வெள்ளையர் கூட்டம் சன்னலிலே தெரிந்த பென்னை நடமாடும் பிணமென்று கருதிச் சுட்டுக் கொல்கின்றது. அதன்பின் அசையாத நிழற்படங்கள் வருகின்றன: கொக்கிகளால் இழுக்கப்படும் உடல், அடுக்கப்பட்ட விறகு, எரியும் நெருப்பு. கறுப்பினத்தவரைக் கூட்டமாகச் சேர்ந்து கொன்ற வரலாற்றை அறிந்த எவரும் அப்படங்களைக் கண்டு வாளாவிருத்தல் அரிது. இன்பமான முடிவை வைக்க வேண்டுமென்று விநியோக நிறுவனமொன்று கேட்டது. படக்குழு இணங்கவில்லை. பென்னைச் செயற்கையாகக் காப்பாற்றுவதிலும் அவன் இறப்பதையே தம் மக்கள் உண்மையென ஏற்பர் என்பது ஜோன்ஸின் கருத்தாயிருந்தது. 1968 ஏப்ரல் 4ஆந் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை, படச்சுருளோடு நியூயோர்க் நோக்கிச் சென்ற வழியிலே வானொலியிற் கேட்டதாக ரொமேரோ பின்னாளிற் கூறினார். படம் எடுத்து முடிந்தபின் நிகழ்ந்த அக்கொலை, படத்தின் பொருளை முற்றாக மாற்றியது.

இவ்வளவு பெருமைக்குரிய இப்படம் பெண்களுக்கு அளித்த இடம் யாது? ஜூடித் ஓடே நடித்த பார்பரா, முதற் காட்சியிலே தமையனை இழந்து, உயிர்தப்பி ஓடி வீட்டை அடைகின்றாள். அதுவரை அவள் செயல் துணிவானதே. வீட்டினுள் நுழைந்ததும் பேச்சிழந்து, நினைவிழந்து, சாய்விருக்கையில் ஒரு பொருளைப் போல இருக்கின்றாள். கூப்பரின் மனைவி கணவனைச் சொல்லாற் குத்துகின்றாள். ஆனால் தீர்மானம் எதுவும் அவளுடையதன்று. மற்றைய இளம்பெண் காதலனைத் தொடர்ந்து சென்று இறக்கின்றாள். நிறத்தைப் பொறுத்தவரை காலத்தை முந்திய படம், பெண்ணைப் பொறுத்தவரை பழைய வழியிலேயே நின்றது. ஒரு கட்டு அவிழ்ந்தால் எல்லாக் கட்டுகளும் அவிழும் என்பதற்கு உறுதியில்லை. ஜோன்ஸ் தம் பாத்திரத்தைத் திருத்தியமைத்தார். பார்பராவை அவ்வாறு திருத்துவாரில்லை.

ஜோன்ஸின் பிற்கால அனுபவம் வறுமை தந்த உரிமையின் எல்லையைக் காட்டுகின்றது. 1973இல் பில் கன் என்னும் கறுப்பின எழுத்தாளர் 'கஞ்சா அன்ட் ஹெஸ்' என்ற படத்தை நெறிப்படுத்தினார். கறுப்பினத்தவரைக் கொண்டு இரத்தம் குடிக்கும் பேய்க்கதை ஒன்றை மலிவாக எடுத்து இலாபம் அடையலாம் என்பது முதலாளிகளின் எண்ணம். கன் எடுத்ததோ ஆழமான படைப்பு. மானிடவியல் அறிஞராக ஜோன்ஸும், கஞ்சா என்ற பெண்ணாக மார்லின் கிளார்க்கும் நடித்தனர். முடிவிலே தன் விருப்பப்படி வாழத் துணிந்து எஞ்சி நிற்பவள் கஞ்சாவே. கான் திரைப்பட விழாவில் அப்படம் காட்டப்பட்டது. ஆயினும் எதிர்பார்த்த வருவாய் கிட்டாமையால், உரிமையாளர் அதனை வெட்டிச் சிதைத்து வேறு பெயரில் விற்றனர். படமெடுக்கும் இடத்திற் கிடைத்த சுதந்திரம், படத்தை விற்கும் இடத்திற் பறிபோயிற்று.

பெண்ணின் இடத்தை மாற்றும் பணி ரொமேரோவின் அடுத்த பிணப்படத்திலே தொடர்ந்தது. 1978இல் வெளிவந்த 'டோன் ஒவ் த டெட்' பெரியதொரு கடைத்தொகுதியைக் களமாகக் கொண்டது. அதில் பிரான் என்னும் கர்ப்பிணியாக நடித்த கேலன் ரொஸ், அலறும்படி கேட்கப்பட்டபோது மறுத்துவிட்டார். பின்னர் அவரிடம் அவ்வாறு கேட்கப்படவுமில்லை. கதையிலும் பிரான் தன்னைக் கலந்து பேசாமல் ஆடவர் தீர்மானிப்பதை எதிர்க்கின்றாள், துப்பாக்கி கேட்கின்றாள், ஹெலிகொப்டர் ஓட்டப் பழகுகின்றாள். அவளும் கென் போரி நடித்த பீற்றர் என்னும் கறுப்பினப் பொலிஸ்காரனும் இறப்பதாகவே முதலில் எண்ணப்பட்டிருந்தது. அம்முடிவு கைவிடப்பட்டது. இருவரும் தப்புகின்றனர், ஹெலிகொப்டரைச் செலுத்துபவள் பிரான். 1985இல் வந்த 'டே ஒவ் த டெட்' படத்தில் லோரி கார்டில் விஞ்ஞானியாக நடித்தார். நிலத்தடிக் கோட்டையொன்றில் வெறிகொண்ட படையினரிடையே தெளிந்த அறிவோடு நிற்கும் ஒரே பெண் அவள். இறுதியிலே அவளும், கறுப்பின விமானியும், வேறொருவனும் உயிர் தப்புகின்றனர்.

1990இல் ரொமேரோ தம் முதற் படத்தின் கதையை மீண்டும் எழுதினார். டொம் சவினி நெறிப்படுத்தினார். பற்றீசியா ரோல்மன் ஏற்ற பார்பரா இப்பொழுது பேச்சிழந்து கிடக்கவில்லை. பிணங்கள் மெதுவாகவே நடக்கின்றன, நடந்தே தப்பிவிடலாம் என்று கண்டு சொல்பவள் அவளே. அவள் பிழைக்கின்றாள். டோனி டொட் நடித்த பென்னோ நிலவறையிலே பிணமாகி எழுகின்றான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பெண்ணைத் தாழ்த்திக் கறுப்பின வீரனை உயர்த்திய கதை, இப்போது பெண்ணை உயர்த்தியபோது அவ்வீரனைப் பின்னே விட்டது. இருவரும் ஒருங்கே தப்பலாம் என்பதை முன்னைய இரு படங்கள் காட்டியிருந்தும், பழைய கதையினுள் அதற்கு இடம் காணப்படவில்லை.

முதற் படத்தின் பெயரை விநியோகத்தர் மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போயிற்று. அதனால் உரியவர்க்கு வரவேண்டிய பணம் பெரும்பாலும் வரவில்லை. ஆனால் எவரும் கட்டணமின்றிக் காட்டலாம் என்றானதால், தொலைக்காட்சி வாயிலாகவும் பின்னர் ஒளிநாடா வாயிலாகவும் அப்படம் எண்ணிறந்தோரை அடைந்தது. 1999இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. டுவேன் ஜோன்ஸ் அதனைக் காணவில்லை. அவர் 1988இலேயே காலமானார். நாடகம் பயிற்றும் ஆசிரியராகவும் நெறியாளராகவும் பெரும்பணி ஆற்றிய அவரை உலகம் பென் என்றே நினைவிற் கொண்டது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? பணமின்மை வாயிலைத் திறந்து வைத்தது உண்மை. ஆனால் உள்ளே நுழைந்தவர் எழுதித் தந்ததையே ஒப்பித்திருந்தால், பென் முரட்டுச் சாரதியாகவே நின்றிருப்பான். பிரான் அலறிக்கொண்டே இருந்திருப்பாள். ஒரு நடிகர் தம் வசனத்தைத் திருத்தினார். ஒரு நடிகை அலற மறுத்தார். அவ்விரு மறுப்புகளும் சிறியவையே. எனினும் ஆபத்து வேளையில் தலைமை தாங்கும் தகுதி யாருக்கு உண்டு என்று திரையரங்கின் இருளில் இருந்த மக்கள் நினைத்து வந்ததை அவை அசைத்துவிட்டன.